மறைந்த பின்னும் பாடிய குரல்: செங்கோட்டை கிட்டப்பாவின் கதை

குற்றாலத்தில் சாரல் காலம். அருவியில் ஆனந்தமாகக் குளித்துவிட்டு ஜனங்கள் திரும்புகிறார்கள். தலையில் ஈரம். கையில் பழப் பொட்டலம். சிலர் தென்காசி பக்கம் போகிறார்கள். சிலர் செங்கோட்டை பக்கம் போகிறார்கள்.

குற்றாலத்தில் இருந்து செங்கோட்டைக்குச் சில மைல் தூரம்தான். சுற்றிலும் பச்சைப் பசேல் என்ற வயல். எதிரே மேகம் மூடிய மலை. தென்காசியில் இருந்து கொல்லம் போகும் ரெயில், செங்கோட்டையைத் தாண்டித்தான் அந்த மலையில் ஏறும்.

இந்தச் சின்ன ஊரில் ஒருவர் பிறந்தார். அவர் 27 ஆண்டுகளே வாழ்ந்தார். ஒரு சினிமா படத்தில் கூட நடிக்கவில்லை. பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவரும் அல்ல. ஆனால், அவர் கண்ணை மூடிய பிறகு முப்பது ஆண்டுக் காலம், தமிழ் சினிமாவில் அவருடைய பாட்டின் சாயல் கேட்டுக்கொண்டே இருந்தது!

யார் அவர்?

அவர்தான் எஸ்.ஜி.கிட்டப்பா.

ஏழை வீட்டுப் பிள்ளை

1906-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 25-ந் தேதி கிட்டப்பா பிறந்தார். தந்தையார் பெயர் கங்காதர அய்யர். தாயார் மீனாட்சி அம்மாள். "எஸ்.ஜி." என்பது செங்கோட்டை கங்காதரன் என்பதன் சுருக்கம். ஊர் பெயரும் தந்தை பெயரும் கடைசி வரை அவர் பெயரோடு சேர்ந்தே இருந்தன.

அந்தக் காலத்தில் செங்கோட்டை, திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. ஆனால் மக்கள் பேசியது தமிழ். 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி அது அன்றைய சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. இன்று அது தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன் பிறந்ததும் இதே செங்கோட்டைதான். 1911-ம் ஆண்டு அந்தச் சம்பவம் நடந்தபோது கிட்டப்பாவுக்கு ஐந்து வயது கூட நிறையவில்லை.

கிட்டப்பாவின் குடும்பம் பெரியது. வருமானமோ சிறியது. பிள்ளைகளைப் படிக்க வைக்க வசதி இல்லை. அன்று ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு, நல்ல குரல் மட்டும் இருந்தால், சோறு போடும் இடம் ஒன்று இருந்தது. அது நாடகக் கம்பெனி.

கிட்டப்பாவின் அண்ணன்மார் முதலில் நாடகத்துக்குப் போனார்கள். தம்பியும் பின்னால் போனார். ஆறு வயதிலேயே மேடை ஏறிவிட்டார். மற்றப் பிள்ளைகள் பலகையில் "அ" எழுதிப் பழகும் வயதில், அவர் ஆயிரம் பேர் முன்னால் பாடப் பழகினார்.

நாடகக் கம்பெனிதான் பள்ளிக்கூடம்

தமிழ் நாடகத்தின் தந்தை என்று போற்றப்படுபவர் சங்கரதாஸ் சுவாமிகள். வள்ளி திருமணம், பவளக்கொடி போன்ற நாடகங்களை எழுதியவர் அவர். அவருடைய நாடகக் குழுவில் கிட்டப்பா சேர்ந்தார்.

அங்கே வாழ்க்கை எளிதானது அல்ல. விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும். பாடம் சொல்லிக் கொடுப்பார்கள். அதைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்யவேண்டும். ஒரு சொல் தப்பினாலும் வாத்தியார் சும்மா விடமாட்டார். இரவு முழுவதும் நாடகம். மறுநாள் மறுபடியும் பாடம்.

இப்படித்தான் கிட்டப்பாவின் காது பழகியது. ஒரு பாட்டை ஒருமுறை கேட்டால் போதும். அதை அப்படியே பாடிவிடுவார். ராகம் என்ன, தாளம் என்ன என்பதைப் பாடிப் பாடியே தெரிந்துகொண்டார்.

பிறகு அவர் கன்னையா கம்பெனிக்குப் போனார். காட்சிகளின் ஆடம்பரத்துக்குப் பெயர் பெற்றது அந்தக் கம்பெனி. அங்கே நடந்த "தசாவதாரம்" நாடகத்தில் கிட்டப்பா நடித்தார். காட்சிகளைப் பார்க்க வந்த ஜனங்கள், கிட்டப்பாவின் பாட்டைக் கேட்க மறுபடியும் வந்தார்கள்.

பின்னர் அண்ணன் தம்பிகள் சேர்ந்து சொந்தமாகவே ஒரு நாடக சபை அமைத்தார்கள். அண்ணன் காசி அய்யர் ஆர்மோனியம் வாசித்தார். தம்பி பாடினார். கொட்டகை நிரம்பி வழிந்தது.

ஐந்து கட்டை என்றால் என்ன?

கிட்டப்பாவைப் பற்றிப் பேசும் பெரியவர்கள், அவர் ஐந்து கட்டையில் பாடியவர் என்று பெருமையாகச் சொல்வார்கள். அது என்ன ஐந்து கட்டை?

ஆர்மோனியப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதில் வெள்ளைக் கட்டைகளும் கறுப்புக் கட்டைகளும் இருக்கும். முதல் வெள்ளைக் கட்டையை "ச" என்று வைத்துப் பாடினால், அது ஒரு கட்டை சுருதி. ஐந்தாவது வெள்ளைக் கட்டையை "ச" என்று வைத்துப் பாடினால், அது ஐந்து கட்டை சுருதி. கட்டை ஏற ஏற, குரலும் உயர்ந்துகொண்டே போக வேண்டும்.

கச்சேரி செய்யும் ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை சுருதியில் பாடுவார்கள். கிட்டப்பா ஐந்து கட்டையில் நின்று, அதற்கு மேலும் போய்வருவார். அப்போதும் குரல் பிசிறாது. சொல் சிதையாது. மின்னல் வேகத்தில் சுரங்கள் உதிரும். இதைத்தான் "பிருகா" என்பார்கள்.

ஏன் அவ்வளவு உயரத்தில் பாடவேண்டும்?

அன்று மேடையில் மைக் கிடையாது. ஒலிபெருக்கி கிடையாது. கொட்டகையில் ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவரும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறார். அவர் காதிலும் பாட்டு விழவேண்டும். தாழ்ந்த சுருதியில் பாடினால் குரல் முன்வரிசையோடு நின்றுவிடும். அதனால்தான் நாடகக்காரர்கள் உச்சக் குரலில் பாடினார்கள்.

அப்படி உச்சத்தில் பாடும் பலருடைய பாட்டில் இனிமை குறைந்துவிடும். கிட்டப்பாவின் பாட்டில் சத்தமும் இருந்தது, இனிமையும் இருந்தது. அதுதான் அவருடைய அதிசயம்.

தியாகராஜ சுவாமிகளின் "எவரனி" என்ற கீர்த்தனை, வித்வான்கள் கச்சேரியில் பாடவேண்டிய பாட்டு. கிட்டப்பா அதைப் பாடினார். கிராமபோன் தட்டிலும் பதிவு செய்தார். சங்கீதம் படிக்காத சாதாரண ஜனங்களும் அதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். பெரிய சங்கீதத்தை ஏழைகளின் கொட்டகைக்குக் கொண்டு வந்தவர் கிட்டப்பா.

கொழும்பில் நடந்த சந்திப்பு

இந்த நேரத்தில் இன்னொரு குரலும் நாடெங்கும் பேசப்பட்டது. அது கொடுமுடி கே.பி.சுந்தராம்பாளின் குரல்.

சுந்தராம்பாளும் ஏழை வீட்டுப் பெண். 1908-ம் ஆண்டு பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே பாடிப் பிழைக்க வேண்டிய நிலை. பிறகு நாடகத்தில் சேர்ந்து புகழ் பெற்றார். 1926-ம் ஆண்டு அவர் இலங்கையில் நாடகம் நடத்திக்கொண்டிருந்தார். கிட்டப்பாவும் அங்கே போய்ச் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் "ஸ்பெஷல் நாடகம்" என்று ஒன்று உண்டு. வெவ்வேறு ஊர் நடிகர்களை ஒரே இரவுக்கு அழைத்து வந்து சேர்த்து நடிக்க வைப்பார்கள். ஒத்திகை இருக்காது. மேடையில்தான் ஒருவரை ஒருவர் சந்திப்பார்கள். ஒருவர் பாடினால் மற்றவர் அதற்கு மேலே பாடவேண்டும். தோற்றவர் பெயர் கெட்டுவிடும். இரண்டு சிங்கங்களை ஒரே கூண்டில் விடுவது போலத்தான்!

கொழும்பு மேடையில் இருவரும் சேர்ந்து நடித்தார்கள். யார் ஜெயிப்பார் என்று பார்க்க ஜனங்கள் வந்தார்கள். கடைசியில் இருவருமே ஜெயித்தார்கள். அவர் குரல் இவருக்குப் பிடித்தது. இவர் குரல் அவருக்குப் பிடித்தது.

1927-ம் ஆண்டு இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

அதன் பிறகு இருவரும் சேர்ந்து நடித்த நாடகம் என்றால், பக்கத்து ஊர்களில் இருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். "வள்ளி திருமண"த்தில் அவர் வேலன், இவர் வள்ளி. காட்டில் வள்ளியைத் தேடி வரும் வேலன் "காயாத கானகத்தே" என்ற பாட்டைத் தொடங்கினால் கொட்டகை அதிரும். "ஒன்ஸ்மோர்" என்று கத்துவார்கள். அந்த ஒரு பாட்டுக்காகவே பலர் காத்திருப்பார்கள்.

நாட்டில் சுதந்திரப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. தேசத் தலைவர் சத்தியமூர்த்தி நாடகக் கலைஞர்களிடம் அன்பு கொண்டவர். கிட்டப்பாவையும் சுந்தராம்பாளையும் அவர் ஊக்குவித்தார். கிட்டப்பா கதர் அணிந்தார். மேடையில் தேசபக்திப் பாட்டுக்களும் முழங்கின.

புகழின் விலை

வெளியே பார்த்தால் எல்லாம் இன்பம். உள்ளே வேறு கதை நடந்தது.

கிட்டப்பாவுக்கு 1924-ம் ஆண்டிலேயே திருமணம் ஆகியிருந்தது. இப்போது இரண்டு குடும்பங்கள். இரண்டு பக்கமும் வருத்தம். மேடையில் இணைபிரியாமல் இருந்த கிட்டப்பாவும் சுந்தராம்பாளும், வாழ்க்கையில் பிரிந்து இருக்க நேர்ந்தது. அவருக்கு சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சில் வந்தன. அந்த அம்மையார் பட்ட துன்பத்தை அவை காட்டுகின்றன.

கிட்டப்பாவின் உடம்பும் ஒத்துழைக்கவில்லை. ஆறு வயதில் இருந்து இரவெல்லாம் கண் விழிப்பு. ஊர் ஊராகப் பயணம். நேரத்துக்குச் சாப்பாடு இல்லை. இரவு முழுவதும் உச்சக் குரலில் பாட்டு. போதாக்குறைக்கு மதுப் பழக்கமும் சேர்ந்துகொண்டது. வயிற்றில் நோய் கண்டது.

ஓய்வு எடுத்திருக்கலாம். ஆனால் நாடகக்காரன் ஓய்வு எடுத்தால் வருமானம் நின்றுவிடும். நம்பி இருப்பவர்கள் பலர். மீண்டும் மீண்டும் மேடை ஏறினார். 1933-ம் ஆண்டு அக்டோபர் மாதம் திருவாரூரில் மேடை ஏறினார். அதுவே கடைசி.

1933-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 2-ந் தேதி கிட்டப்பா காலமானார். வயது 27.

வெள்ளைச் சேலை

சேதி கேட்ட சுந்தராம்பாள் துடித்துப்போனார். அப்போது அவருக்கு வயது 25. புகழ் இருந்தது. பணம் வந்துகொண்டிருந்தது. நீண்ட வாழ்வு முன்னால் இருந்தது.

அவர் வெள்ளைச் சேலை உடுத்தார். நகைகளைக் கழற்றினார். இனி எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். நாடக மேடையை விட்டு ஒதுங்கினார்.

பட முதலாளிகள் அவரைத் தேடி வந்தார்கள். ஜோடியாக நடிக்க முடியாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கடைசியில் ஒரு வழி பிறந்தது. "நந்தனார்" படத்தில் நந்தனார் வேடத்தையே அவருக்குக் கொடுத்தார்கள். ஆண் வேடம் என்பதால் ஜோடி தேவை இல்லை. 1935-ம் ஆண்டு வெளிவந்த அந்தப் படத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அன்று அது பெரும் தொகை. நாடே வாயில் விரலை வைத்தது.

"மணிமேகலை"யில் துறவி. 1953-ம் ஆண்டு வந்த "அவ்வையார்" படத்தில் அவ்வைப் பாட்டி. "பூம்புகா"ரில் கவுந்தி அடிகள். அவர் ஏற்ற வேடங்களைப் பாருங்கள். எல்லாமே கணவனின் நினைவைக் காத்த ஒரு பெண் ஏற்கத்தக்க வேடங்கள். அந்த வேடங்களில் அவர் பாடியபோது, வேலனோடு போட்டி போட்டுப் பாடிய அதே வள்ளியின் குரல்தான் கேட்டது.

பின்னால் வந்தவர்கள்

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

தமிழில் முதல் பேசும் படம் "காளிதாஸ்". அது 1931-ம் ஆண்டு வந்தது. கிட்டப்பா இரண்டே ஆண்டுகளில் மறைந்துவிட்டார். அவர் முகம் திரையில் ஓடவில்லை. அவர் நடந்த நடையை நாம் பார்க்க முடியாது. நமக்குக் கிடைத்தவை சில கிராமபோன் தட்டுகள் மட்டுமே.

ஒரு தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் அளவுக்குத்தான் பாடலாம். மேடையில் நேரம் போவது தெரியாமல் ஒரு பாட்டை விரித்துப் பாடியவர், தட்டில் மூன்று நிமிடத்துக்குள் அத்தனையையும் அடக்கினார். உயர்ந்த குரல், தெளிவான தமிழ், நடுவே மின்னும் பிருகா. பின்னால் வந்த சினிமா பாட்டுக்கு அது ஒரு வழிகாட்டியாக அமைந்தது.

கிட்டப்பா மறைந்த அடுத்த ஆண்டு, 1934-ல், "பவளக்கொடி" படம் வந்தது. அதில் கதாநாயகனாக அறிமுகமானவர் எம்.கே.தியாகராஜ பாகவதர். அவரும் நாடக மேடையில் இருந்து வந்தவர். கிட்டப்பாவின் பாட்டு நாடெங்கும் ஒலித்த காலத்தில் வளர்ந்தவர். கிட்டப்பா காலியாக விட்டுப்போன இடத்தில் ஜனங்கள் அவரை உட்கார வைத்தார்கள். 1944-ம் ஆண்டு வந்த அவருடைய "ஹரிதாஸ்" படம், சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

அடுத்தவர் சோழவந்தான் பக்கத்தில் இருந்து வந்த டி.ஆர்.மகாலிங்கம். சிறுவனாக இருந்தபோதே கிட்டப்பாவின் பாட்டுக்களை அப்படியே பாடுவதில் பெயர் எடுத்தவர். அதே உச்சக் குரல். அதே பிருகா. 1945-ம் ஆண்டு வந்த "ஸ்ரீவள்ளி" படத்தில் அவர் முருகனாக நடித்தார். "காயாத கானகத்தே" பாட்டை அவர் பாடினார். கிட்டப்பாவை நாடகத்தில் கேட்ட பெரியவர்கள் அந்தப் படத்தைப் பார்க்க வந்தார்கள். கேட்காத இளைஞர்களும் வந்தார்கள். கொட்டகையோடு போய்விட்டது என்று நினைத்த பாட்டு, திரையில் மறுபடியும் உயிர் பெற்றது.

பாகவதரைப் பின்பற்றிப் பாடி சினிமாவுக்குள் வந்தவர் டி.எம்.சௌந்தரராஜன். 1950-ம் ஆண்டு வந்த "கிருஷ்ண விஜயம்" படத்தில் அவர் பாடிய பாட்டு, பாகவதர் பாணியிலேயே இருந்தது. பிறகுதான் அவர் தமக்கென்று ஒரு வழியை அமைத்துக்கொண்டார்.

ஒரு விளக்கில் இருந்து இன்னொரு விளக்கை ஏற்றுவது போல, ஒரு தொண்டையில் இருந்து இன்னொரு தொண்டைக்கு அந்தப் பாட்டு போய்க்கொண்டே இருந்தது.

மைக் வந்தது. மெதுவாகப் பாடினாலும் ஊருக்கெல்லாம் கேட்கும் என்ற காலம் வந்தது. ஐந்து கட்டையில் பாடவேண்டிய அவசியம் போயிற்று. சுருதி இறங்கியது. ஆனாலும் சொல்லைச் சிதைக்காமல், குரலை ஒளிக்காமல், நெஞ்சைத் திறந்து பாடும் பழக்கம் தமிழ்ப் பாட்டில் நின்றுவிட்டது. அது நாடகக் கொட்டகை கொடுத்த சொத்து.

ஒரே படத்தில் மூவர்

1965-ம் ஆண்டு "திருவிளையாடல்" படம் வந்தது. வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு.

அதில் அவ்வையாராக வந்து பாடியவர் கே.பி.சுந்தராம்பாள். பாணபத்திரராக வந்து, சோமசுந்தரக் கடவுளிடம் முறையிட்டுப் பாடியவர் டி.ஆர்.மகாலிங்கம். சிவாஜி கணேசனுக்காகப் பின்னணி பாடியவர் டி.எம்.சௌந்தரராஜன்.

ஒருவர் கிட்டப்பாவோடு வாழ்ந்தவர். ஒருவர் கிட்டப்பாவின் பாட்டைப் பாடி வளர்ந்தவர். ஒருவர் கிட்டப்பாவுக்குப் பின் வந்த பாகவதரைப் பார்த்து வந்தவர். மூவரும் ஒரே படத்தில் பாடினார்கள். கிட்டப்பா மறைந்து அப்போது 32 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1978-ம் ஆண்டு மகாலிங்கம் மறைந்தார். 1980-ம் ஆண்டு சுந்தராம்பாள் மறைந்தார். கடைசி வரை அந்த அம்மையார் வெள்ளைச் சேலையை மாற்றவில்லை.

அடுத்த முறை குற்றாலத்துக்குக் குடும்பத்தோடு போனால், செங்கோட்டைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பள்ளிக்கூடம் போக வசதி இல்லாத ஒரு சிறுவன் அந்தத் தெருக்களில்தான் ஓடி விளையாடினான் என்று உங்கள் குழந்தைகளிடம் சொல்லுங்கள். அவன் குரலை நாடே கேட்டது என்று சொல்லுங்கள். அந்தக் குரலை அவன் பேணியது போல உடம்பையும் பேணியிருந்தால், இன்னும் எத்தனையோ ஆண்டுகள் பாடியிருப்பான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.